பேசியவர் ஒருவர், ஏற்றியவர் இன்னொருவர்: ஆய்வுக் கட்டுரையில் யூடியூபை எப்படிக் காட்டுவது?

கேள்வி: கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இணையவழிப் பாடக் காணொளிகளில் ஆசிரியர்கள் பேசும் முறைதான் தலைப்பு. முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஆதாரப் பட்டியலில் 14 யூடியூப் காணொளிகள் வருகின்றன. அவற்றில் 5 கல்வியாளர்களின் உரைகளும் பேட்டிகளும். 6 காணொளிகள் கோட்பாடுகளையும் புள்ளியியல் முறைகளையும் விளக்குபவை. மீதி 3, நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பாடக் காணொளிகள். "யூடியூபையெல்லாம் கட்டுரையில் போடாதே" என்கிறார் என் கைடு. ஆய்விதழோ ஏபிஏ முறையில் (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த, ஆதாரம் காட்டும் முறை) எழுதச் சொல்கிறது. ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் பேசியவரைப் போடுவதா, சேனலைப் போடுவதா? பழைய உரைக்கு எந்த ஆண்டு? பக்க எண்ணுக்குப் பதில் என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, நான் ஆய்வு செய்த மூன்றில் ஒன்று போன வாரம் காணாமல் போய்விட்டது. என்ன செய்வது? - பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளின் ஆதாரப் பட்டியலைச் சரிபார்ப்பது என் தொழில். பாதி நாள் லிங்க்கை அழுத்துவதிலும், அது திறக்கிறதா என்று காத்திருப்பதிலுமே கழிகிறது. அதனால் உங்கள் கைடு ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் முடித்துவிடுவோம்.

14 காணொளிகளையும் நீங்களே மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. ஒரு காணொளியிலிருந்து நீங்கள் என்னத்தை எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதை வைத்துக்கொள்வதா விடுவதா, யார் பெயரைப் போடுவது, எவ்வளவு விவரம் தருவது எல்லாம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

விளக்கக் காணொளிகள் ஆறையும் எடுத்துவிடுங்கள். கைடு சொன்னதில் சரியான பாதி இதுதான். ஒரு புள்ளியியல் முறையை ஒருவர் பத்து நிமிடத்தில் அழகாக விளக்குகிறார், உங்களுக்கும் புரிகிறது. நல்லது, அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. நீங்கள் அவரிடமிருந்து எடுத்தது புரிதலை மட்டும்தான். அறிவுக்கு மூலம் வேறெங்கோ ஒரு கட்டுரையிலோ பாடநூலிலோ இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, படித்து, அதையே காட்டுங்கள். பெரும்பாலான விளக்கக் காணொளிகளில் விவரணைப் பகுதியிலேயே மூலக் கட்டுரையின் பெயர் இருக்கும். அதைப் படிக்காமல் பட்டியலில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். மதிப்பீட்டாளர்களுக்கு அது வாசனையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு விலக்கு உண்டு. விளக்கியவரே அந்தத் துறையில் புதிதாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அது வேறெங்கும் அச்சாகவில்லை என்றால் அந்தக் காணொளிதான் மூலம். அப்போது அதைத் தாராளமாகக் காட்டலாம்.

மீதி எட்டையும் விட வேண்டியதில்லை. ஒருவர் ஒரு மேடையில் என்ன சொன்னார் என்பதற்கு அந்த மேடையின் பதிவைவிட நல்ல சான்று எது? பாடக் காணொளிகளில் ஆசிரியரின் பேச்சை ஆய்பவர் பாடக் காணொளியைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவார்? கைடிடம் இதை இப்படியே கேளுங்கள். வாக்குவாதமாக வேண்டாம், பட்டியலில் ஆறைக் குறைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அதன் பிறகு அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் நம்பவில்லை என்றால், யூடியூப் காணொளிக்கென்றே ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பில் மாதிரிகள் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள்.

இனி யார் பெயர் என்ற கேள்வி. பலர் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உலகத்துக்கே தெரிந்த ஒரு உரையை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் ஜாப்ஸ் 2005 ஜூன் 12 அன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசினார். அந்த உரையைப் பல்கலைக்கழகம் தன் யூடியூப் சேனலில் ஏற்றியது 2008 மார்ச் 7 அன்று. ஏபிஏ முறைப்படி இதற்கு ஆசிரியர் ஜாப்ஸ் இல்லை, ஸ்டான்ஃபோர்ட். ஆண்டு 2005 இல்லை, 2008. பட்டியலில் இப்படி வரும்:

ஸ்டான்ஃபோர்ட். (2008, மார்ச் 7). ஸ்டீவ் ஜாப்ஸின் 2005 ஸ்டான்ஃபோர்ட் பட்டமளிப்பு உரை [காணொளி]. யூடியூப்.

அதன் பின்னால் லிங்க். தலைப்பு மட்டும் சாய்வெழுத்தில். (தமிழில் காட்டுவதற்காகத் தலைப்பை மொழிபெயர்த்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் திரையில் உள்ளபடியே இருக்க வேண்டும்.)

பேசியவரை விட்டுவிட்டு ஏற்றியவரை ஆசிரியர் என்பது அநியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆதாரப் பட்டியல் பாராட்டுப் பத்திரம் இல்லை, முகவரிப் புத்தகம். தேடிப் போகிறவர் எந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டுவார்? ஸ்டான்ஃபோர்ட் என்ற சேனலைத்தான். அதே உரையை வேறு பத்துப் பேர் வெட்டி, இசை சேர்த்து, ஏற்றியிருப்பார்கள். நீங்கள் பார்த்தது எது என்பதைச் சொல்வது ஏற்றியவரின் பெயர்தான்.

அப்படியானால் பேசியவருக்கு என்ன வழி? உங்கள் வாக்கியத்திலேயே அவரைக் கொண்டு வந்துவிடுங்கள். "2005-இல் ஆற்றிய பட்டமளிப்பு உரையில் ஜாப்ஸ், தான் கல்லூரியைப் பாதியில் விட்டதைச் சொல்லும்போது (ஸ்டான்ஃபோர்ட், 2008)" என்று எழுதினால் பேசியவர், பேசிய ஆண்டு, ஏற்றியவர், ஏற்றிய ஆண்டு நான்கும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். உங்கள் ஐந்து உரைகளுக்கும் இதையே செய்யுங்கள். பழைய உரைக்கு எந்த ஆண்டு என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். அடைப்புக்குறிக்குள் ஏற்றிய ஆண்டு, வாக்கியத்துக்குள் பேசிய ஆண்டு. 1969-இல் நடந்த ஒன்றை "2012" என்ற ஆண்டு மட்டும் போட்டு எழுதியிருந்த கட்டுரை ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. படித்தால் நிலவில் மனிதன் இறங்கியது 43 ஆண்டு தள்ளிப்போனதுபோல் இருந்தது.

டெட் உரைகளில் ஒரு சிறு சிக்கல். டெட் அமைப்பின் சொந்த இணையதளத்தில் பார்த்திருந்தால் பேச்சாளர்தான் ஆசிரியர். அதே உரையை யூடியூபில் பார்த்திருந்தால் டெட் சேனல் ஆசிரியர். பேச்சு ஒன்றுதான், முகவரி இரண்டு. எங்கே பார்த்தீர்களோ அதை எழுதுங்கள்.

சேனலை நடத்துகிறவர் புனைபெயரில் இருக்கிறார், ஆனால் அவருடைய இயற்பெயர் வெளிப்படையாகத் தெரியும் என்றால் இயற்பெயரை முன்னால் போட்டு, புனைபெயரைச் சதுர அடைப்பில் போடுவது ஏபிஏ வழக்கம். கட்டுரைக்குள் மேற்கோள் காட்டும்போது இயற்பெயரின் குடும்பப் பெயர் மட்டும் போதும். இயற்பெயர் தெரியவில்லையா? சேனல் பெயரையே போடுங்கள். துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டாம். தன் பெயரை மறைத்துப் பேசுகிறவரின் பெயரை உங்கள் கட்டுரை வெளியே கொண்டு வருவது உங்களுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

ஒரே சேனலிலிருந்து ஒரே ஆண்டில் இரண்டு காணொளிகள் என்றால் ஆண்டுக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும். தேதி முந்தியது முதலில். ஆங்கிலக் கட்டுரையில் அது ஏ, பி என்று போகும். கட்டுரைக்குள்ளும் அதே எழுத்தோடுதான் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, இரண்டில் எது என்று என்னையே தேட வைப்பவர்கள் நிறைய.

மற்ற முறைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த ஆய்விதழ் திருப்பி அனுப்பினால் அடுத்த ஆய்விதழ் வேறு முறை கேட்கும், அப்போது தேவைப்படும். மொழி, இலக்கிய ஆய்வுகளில் வழங்கும் எம்எல்ஏ முறையில் தலைப்பு மேற்கோள்குறிக்குள் வரும், பிறகு யூடியூப், பிறகு "ஏற்றியவர் இன்னார்", பிறகு தேதி. நீங்கள் எழுதுவது பேச்சாளரைப் பற்றி என்றால் பதிவை அவர் பெயரிலேயே தொடங்கலாம், அந்தச் சுதந்திரம் அங்கே உண்டு. சிகாகோ முறையில் காணொளியின் நீளத்தையும் சேர்ப்பது வழக்கம். பொறியியல் துறைகளில் வழங்கும் ஐஇஇஇ முறையில் எண் போட்டு, பார்த்த தேதியையும் எழுதுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். எல்லா முறைக்கும் தேவையான விவரங்களை முதல் நாளே குறித்து வைத்திருந்தால் மாற்றி அடுக்குவது அரை மணி நேர வேலை.

அந்த விவரங்களில் தேதிதான் ஏமாற்றும். காணொளிக்குக் கீழே "3 ஆண்டுகளுக்கு முன்" என்று மொட்டையாக இருக்கும். விவரணைப் பகுதியை விரித்தால்தான் முழுத் தேதி தெரியும். நேரலையாக ஒளிபரப்பானது என்றால் அங்கேயே அப்படிக் குறித்திருக்கும். ஷார்ட்ஸ் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு விவரணைக்குப் போக வேண்டும்.

லிங்க்கையும் அப்படியே ஒட்டாதீர்கள். பகிர்வுப் பொத்தானை அழுத்தி எடுக்கும் லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீண்ட வால் வரும். யார் யாருக்குப் பகிர்ந்தார் என்று கண்காணிக்கத்தான் அது. ப்ளேலிஸ்டிலிருந்து எடுத்தால் இன்னொரு வாலும் ஒட்டிக்கொள்ளும். காணொளிக்குச் சொந்தமானது 11 எழுத்துக் குறியீடு மட்டுமே. அது வரை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு ஒரு முறை திறந்து பாருங்கள்.

அப்புறம் பக்க எண். அதற்குப் பதில் நேரம். உங்கள் மேற்கோள் எந்த நிமிடம், எந்த நொடியில் தொடங்குகிறதோ அதை அடைப்புக்குறிக்குள், பக்க எண் வரும் இடத்தில் போடுங்கள்: பெயர், ஆண்டு, 12:34. ஏபிஏ-வுக்குத் தொடங்கும் நேரம் போதும். எம்எல்ஏ தொடக்கமும் முடிவும் கேட்கும். நேரத்தை லிங்க்கிலேயே பதிக்கவும் முடியும். 12:34 என்பது 754 நொடி, யூடியூபே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் ஆதாரப் பட்டியலில் அப்படிப் பதித்த லிங்க் வேண்டாம். ஒரே காணொளியை நான்கு இடத்தில் காட்டினால் நான்கு லிங்க்கா கொடுப்பீர்கள்? நேரம் கட்டுரைக்குள், வெறும் லிங்க் பட்டியலில்.

இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு கட்டுரையில் 47 நிமிட உரை ஒன்றைக் காட்டியிருந்தார்கள், நேரம் போடவில்லை. ஓர் அறிஞர் ஒரு கருத்தை "உறுதியாக மறுத்தார்" என்று எழுதியிருந்தது. நான் முழு உரையையும் உட்கார்ந்து கேட்டேன். 38-ஆவது நிமிடத்தில் அந்தக் கருத்து வந்தது. அவர் மறுக்கத்தான் செய்தார், ஆனால் அடுத்த மூச்சிலேயே "இப்படித்தான் பத்தாண்டுகளுக்கு முன் நான் நினைத்தேன், அது தவறு" என்றும் சொன்னார். கட்டுரையாளர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. பார்க்கும்போது குறிப்பெடுக்காமல், பிறகு நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். நேரம் குறிக்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த இடத்துக்கு மறுபடி போயிருப்பார், அடுத்த வாக்கியத்தையும் கேட்டிருப்பார்.

உங்கள் தலைப்பே பேச்சு முறை என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். தானியங்கி வசனத்தை நம்பி மேற்கோள் எழுதாதீர்கள். யூடியூபில் எழுத்து வடிவத்தைக் காட்டச் சொன்னால் நேரத்தோடு வரிவரியாக வரும். இடத்தைத் தேட அது அருமையான கருவி. சொல்லைப் பிடிக்க அது போதாது. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் நடுவில் இருப்பது கடைசியில் ஒலிக்கும் ஒரு மெல்லின ஒலிதான். அது நழுவினால் 15 சதவீதம் 50 ஆகிவிடும். ஓர் உரையின் தானியங்கி வசனத்தில் அப்படி ஆகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நிறுத்தற்குறிகளும் அதில் நம்பத்தக்கவையாக இருக்காது. ஒருவர் தயங்கி நிறுத்திய இடம், கேள்வியாக ஏற்றிய இடம் எல்லாம் தட்டையாகிவிடும். உங்கள் ஆய்வுக்குத் தேவையானதே அந்தத் தயக்கமும் ஏற்றமும்தானே!

காதால் கேட்டாலும் தீராத இடங்கள் உண்டு என்பதும் உண்மை. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது சொன்ன வாக்கியத்தில், "மனிதன்" என்பதற்கு முன்னால் "ஒரு" என்று பொருள்படும் ஓரெழுத்து ஆங்கிலச் சொல் இருந்ததா இல்லையா என்று இன்று வரை பேசுகிறார்கள். பதிவில் அது தெளிவாகக் கேட்காது. அதனால் எழுத்தில் அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கம் வந்துவிட்டது. உங்களுக்கும் அதுவே வழி. தெளிவாகக் கேட்காத சொல்லை ஊகித்து நிரப்பாமல், சதுர அடைப்பில் "தெளிவில்லை" என்று எழுதுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது.

அச்சில் இருப்பதை எந்நேரமும் தேடிப் பாருங்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஜாப்ஸின் உரை எழுத்து வடிவிலும் ஸ்டான்ஃபோர்டால் வெளியிடப்பட்டிருக்கிறது. அவர் சொன்ன கருத்து மட்டும் தேவை என்றால் எழுத்து வடிவத்தைக் காட்டுவது வாசகருக்கு எளிது. எப்படிச் சொன்னார், எங்கே நிறுத்தினார், கூட்டம் எங்கே சிரித்தது என்பது தேவை என்றால் காணொளிதான். உங்கள் ஐந்து உரைகளில் ஒன்றிரண்டுக்காவது அச்சு வடிவம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

காணொளி ஒரு மொழியில், கட்டுரை வேறு மொழியில் என்றால் இரண்டு விஷயம். ஆங்கிலக் கட்டுரையின் ஏபிஏ பட்டியலில் மூலத் தலைப்பை ஒலிபெயர்த்து எழுதி, அதன் மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்பில் சேர்த்து, பிறகு காணொளி என்ற குறிப்பு. பேச்சை நீங்களே மொழிபெயர்த்திருந்தால் ஏபிஏ அதை நேரடி மேற்கோளாகக் கருதுவதில்லை, உங்கள் சொற்களில் எழுதியதாகவே கருதுகிறது. மேற்கோள்குறி போட வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் விடாதீர்கள், மொழி தெரிந்தவர் போய்ச் சரிபார்க்க அதுதான் உதவும்.

இப்போது காணாமல் போன காணொளி.

முதலில் அது எப்படிக் காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். திரையில் வரும் செய்தி எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் இருக்காது. "தனிப்பட்ட காணொளி" என்று வந்தால் உரிமையாளர் அதை மூடி வைத்திருக்கிறார், அழிக்கவில்லை. மறுபடி திறக்க முடியும். ஏற்றியவரே நீக்கிவிட்டார் என்று வந்தால் கதை வேறு. பதிப்புரிமைப் புகாரால் எடுக்கப்பட்டது, கணக்கே மூடப்பட்டது என்றும் வரலாம். உங்கள் நாட்டில் மட்டும் கிடைக்கவில்லை என்றும் வரலாம். அப்படியானால் அது காணாமல் போகவே இல்லை, வேறு நாட்டில் இருக்கும் வாசகருக்குத் திறக்கும்.

தனிப்பட்டதாக்கப்பட்டது என்றால் கூச்சப்படாமல் அந்த ஆசிரியருக்கு எழுதுங்கள். சேனலின் அறிமுகப் பகுதியில் பெரும்பாலும் மின்னஞ்சல் இருக்கும். நான் இன்னார், உங்கள் பாடத்தை ஆய்வுக்கு எடுத்திருந்தேன், மறுபடி திறக்க வாய்ப்பு உண்டா, இல்லை லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்க முடியுமா என்று நான்கு வரி. திறக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அது அவர் உரிமை. ஏன் என்று காரணம் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆய்வுக்கே அது பயன்படலாம்.

அடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த லிங்க்கைப் போட்டுத் தேடுங்கள். யாராவது எப்போதாவது சேமித்திருந்தால் பக்கம் கிடைக்கும். ஆனால் பெரிதாக நம்பிவிடாதீர்கள். தலைப்பு, தேதி, விவரணை எல்லாம் இருக்கும், காணொளி மட்டும் ஓடாது என்பது அடிக்கடி நடப்பது. அதுவும் ஒரு லாபம்தான், அப்படி ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சி.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஏபிஏ-வின் பொது அறிவுரை, அந்த ஆதாரத்தை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடு என்பது. உரைகளில் ஒன்று போயிருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் போனது உங்கள் ஆய்வுப் பொருள். மூன்றில் ஒன்றை நீக்கினால் முடிவே மாறும். அதனால் என் கருத்து: நீக்காதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு வரி போடுங்கள். இந்தக் காணொளி இன்ன தேதியில் பொதுவில் இருந்தது, பகுப்பாய்வு அப்போது செய்யப்பட்டது, இன்ன தேதியில் பார்த்தபோது கிடைக்கவில்லை. நீங்கள் எழுதி வைத்த பேச்சு வடிவத்தைப் பின்னிணைப்பாகக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒருவர் தன் பாடத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார் என்றால், அதை அடையாளத்தோடு நிரந்தரமாக அச்சில் வைக்க நமக்கு உரிமை உண்டா? பெரிய நிறுவனத்தின் சேனல் என்றால் கவலை குறைவு. சின்ன சேனல், தனி ஆள் என்றால் பெயரை மாற்றி "ஆசிரியர் 3" என்று எழுதுவது நாகரிகம். இதை உங்கள் நிறுவனத்தின் ஆய்வுநெறிக் குழுவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். காணொளியை இறக்கி உங்கள் கணினியில் வைத்திருக்கிறீர்களா என்றும் அவர்கள் கேட்கலாம். யூடியூபின் விதிமுறைகள் அனுமதியில்லாமல் இறக்குவதைத் தடுக்கின்றன, அதனால் அதற்கான பதிலோடு போங்கள்.

இந்த நிலை உங்களுக்கு மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டைச் சேர்ந்த சட்ட ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய லிங்க்குகளில் பாதி, முதலில் காட்டிய தகவலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று கண்டார்கள். தீர்ப்புகளிலேயே அந்த நிலை!

மீதமுள்ள இரண்டு பாடக் காணொளிகளுக்கும் ஐந்து உரைகளுக்கும் இன்றைக்கே காப்பு எடுத்துவிடுங்கள். வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமிக்க ஒரு பெட்டி இருக்கிறது, லிங்க்கை ஒட்டி அழுத்தினால் போதும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட், தலைப்பும் சேனலும் விரித்த தேதியும் ஒரே படத்தில் தெரியும்படி. தலைப்பை ஏன் படம் பிடிக்கச் சொல்கிறேன் என்றால், ஏற்றியவர் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். "வகுப்பு 7, பின்னங்கள்" என்று இருந்தது ஆறு மாதம் கழித்து "இதைத் தெரிந்துகொண்டால் கணக்கே பயமில்லை!" என்று ஆகியிருக்கும், லிங்க் அதுவேதான். காணொளியின் ஒரு பகுதியை வெட்டி நீக்கவும் முடியும், அப்போதும் லிங்க் மாறாது, உங்கள் நேரக்குறிகள்தான் எல்லாம் தள்ளிப்போகும். முழுக் காணொளியையும் வேறொன்றாக மாற்ற மட்டும் முடியாது. புதிதாக ஏற்றினால் புது லிங்க் வந்துவிடும். அதுவரைக்கும் ஆறுதல்.

பார்த்த தேதியை ஏபிஏ பட்டியலில் சாதாரணக் காணொளிக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காரணத்துக்காக உங்கள் சொந்தக் குறிப்பில் அது இருக்கட்டும்.

நிரந்தர முகவரி உள்ள காணொளிகளும் உண்டு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஹானோவரில் உள்ள டிஐபி என்ற அறிவியல் நூலகத்தின் ஏவி போர்ட்டலில் அறிவியல் காணொளிகளுக்கு டிஓஐ எண் (லிங்க் மாறினாலும் மாறாத அடையாள எண்) கொடுக்கிறார்கள், ஆய்விதழ்க் கட்டுரைக்குக் கொடுப்பதுபோலவே. ஒரே உரை யூடியூபிலும் அங்கேயும் இருந்தால் அங்கே உள்ளதைக் காட்டுங்கள். நீங்களே எடுத்த வகுப்புப் பதிவு ஏதாவது இருந்து, பேசியவர்களின் ஒப்புதலும் இருந்தால், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றி டிஓஐ வாங்கிக்கொள்ளலாம். காசு கிடையாது.

ஆதாரப் பட்டியலைத் தானே அடுக்கித் தரும் ஜோட்டெரோ போன்ற கருவி வைத்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தியதும் அது நிரப்பிக் கொடுப்பது நல்ல தொடக்கம், அதோடு விட்டுவிடாதீர்கள். சேனல் பெயரை அது ஒரு மனிதரின் பெயர்போல முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிளந்து வைத்திருக்கலாம். அப்படிப் பிளந்தால் பட்டியலில் "சேனல், கணக்கு" என்று தலைகீழாக வந்து நிற்கும். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் ஒரே கட்டமாகிவிடும். என் மேசைக்கு வரும் பட்டியல்களில் வாரத்துக்கு ஒன்றாவது இப்படி இருக்கிறது, பார்த்ததும் கருவி செய்த வேலை என்று தெரிந்துவிடும்.

காணொளிக்குக் கீழே உள்ள கருத்துகளையும் நீங்கள் ஆய்வில் சேர்க்கிறீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை. சேர்த்தால், கருத்து எழுதியவரின் பெயர், தேதி, கருத்தின் முதல் 20 சொற்கள் வரை, பிறகு சதுர அடைப்பில் எந்தக் காணொளிக்கான கருத்து என்பது. ஆனால் மாணவர்கள் எழுதிய கருத்துகள் என்றால், அதிலும் சிறுவர்கள் என்றால், சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்ட வேண்டாம். தேடுபொறியில் அந்த வரியைப் போட்டால் ஆள் கிடைத்துவிடுவார். சாரத்தை உங்கள் சொற்களில் எழுதினால் போதும்.

கட்டுரையை அனுப்பும் நாளில், ப்ரவுசரில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து பட்டியலில் உள்ள ஒவ்வொரு லிங்க்கையும் அதில் போட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கில் உள்நுழைந்திருக்கும்போது திறக்கும் சில காணொளிகள் அதில் திறக்காது. உங்களோடு மட்டும் பகிரப்பட்டவை, வயது வரம்பு உள்ளவை அப்படி. மதிப்பீட்டாளர் அமர்ந்து பார்க்கப்போவது அந்தச் சாளரத்தில்தான். அங்கே திறக்காதது எதுவாக இருந்தாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள், திரையில் வரும் செய்தியையும் சேர்த்து.